தீனபந்து ஆண்ட்ரூஸ்: சஞ்சிக்கூலிக்கு முடிவு தேடிய வெள்ளைக்காரர்



சஞ்சிக்கூலி என்ற சொல்லை நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது என்ன கூலி? ஊரிலிருந்து ஆளைக் கப்பல் ஏற்றும் செலவைத் துரைமார் கொடுப்பார்கள். அதற்குப் பதிலாக, இத்தனை வருஷம் இந்தத் தோட்டத்தில்தான் உழைப்பேன் என்று ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கிக் கொள்வார்கள். கைநாட்டு வைத்த பிறகு, வேலை பிடிக்கலை, போறேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் அது குற்றம். போலீஸ் பிடிக்கும், மாஜிஸ்திரேட் தண்டிப்பார், ஜெயிலுக்குப் போய் வந்த பிறகும் அதே தோட்டத்தில் பெரட்டுக்கு நிற்க வேண்டும்.

மலாயாவில் இந்த முறை 1910-ல் நிறுத்தப்பட்டது. ஆனால் பிஜி, டிரினிடாட், பிரிட்டிஷ் கயானா போன்ற தூரதேசங்களின் கரும்புத் தோட்டங்களில் அதற்குப் பிறகும் நடந்து வந்தது. அதை ஒழிப்பதற்காகக் கடல் கடந்து அலைந்தவர்களில் ஒருவர் வெள்ளைக்காரர், அதிலும் ஒரு பாதிரியார். அவர் பெயர் சார்லஸ் ஃபிரீயர் ஆண்ட்ரூஸ். ஏழைகளின் உறவினர் என்ற பொருளில் தீனபந்து என்று மக்கள் அவரை அழைத்தார்கள். அவர் வாழ்க்கையை நாம் தெரிந்து கொள்ள வேண்டியதற்குக் காரணம் உண்டு. அவர் அன்று கேட்ட கேள்வி இன்றும் தோட்டங்களில் கேட்க வேண்டிய கேள்வியாகவே இருக்கிறது.

இளமைக் காலம்

ஆண்ட்ரூஸ் 1871 பிப்ரவரி 12-ல் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்தில் பிறந்தார். வளர்ந்தது பர்மிங்ஹாமில். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். அப்பா மதபோதகர். குடும்பத்தின் சேமிப்பை நம்பி ஒப்படைத்த நண்பர் ஒருவர் அதை மோசம் செய்துவிட்டார். குடும்பம் கஷ்டத்தில் விழுந்தது. ஆனாலும் அப்பா அந்த நண்பரைச் சபிக்கவில்லை. அவருக்காகப் பிரார்த்தனை செய்தார். சிறுவன் மனசில் அது ஆழப் பதிந்து விட்டது.

படிப்பில் கெட்டிக்காரர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்தார். படிப்பு முடிந்ததும் வசதியான உத்தியோகம் தேடிப் போகாமல், லண்டனில் வால்வொர்த் என்ற ஏழைகள் குடியிருப்பில் தொண்டு செய்தார். கூலி வாங்கிப் பிழைக்கிறவன் வீட்டில் வறுமை எப்படி இருக்கும் என்பதை முதலில் தன் சொந்த நாட்டிலேயே பார்த்தார்.

1904-ல் டில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட கல்லூரிகளுக்கு வெள்ளைக்காரர்தான் முதல்வராக வருவார். அங்கே சுசீல் குமார் ருத்ரா என்ற இந்தியர் மூத்த ஆசிரியராக இருந்தார். அவர் இருக்க, தோல் நிறத்தைப் பார்த்து வேறு ஒருவரை மேலே உட்கார வைப்பது நியாயமில்லை என்று ஆண்ட்ரூஸ் வாதாடினார். 1906-ல் ருத்ராவே முதல்வரானார். தனக்கு வரக்கூடிய நாற்காலியை இன்னொருவருக்கு விட்டுக் கொடுக்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்?

3 பவுன் வரி என்ற விலங்கு

1913-ல் தென்னாப்பிரிக்காவில் காந்தி போராட்டம் நடத்திக் கொண்டிருந்தார். அதில் முன்னே நின்றவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். நேத்தால் மாநிலத்தில் கரும்புத் தோட்டங்களிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் வேலை செய்தவர்கள். போராட்டத்தின் முக்கியமான காரணம் 3 பவுன் வரி.

இந்த வரியின் சூது என்ன தெரியுமா? ஒப்பந்தக் காலம் முடிந்து சுதந்திரமாக வாழ நினைக்கிற ஒவ்வொரு ஆளும் வருஷத்துக்கு 3 பவுன் கட்ட வேண்டும். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். ஒப்பந்தக் கூலிக்கு முதல் வருஷத்தில் கிடைத்த சம்பளமோ மாதம் 10 ஷில்லிங்தான். அதாவது ஆறு மாதச் சம்பளம் வரிக்கே போய்விடும். பெண்சாதிக்கும் வரி, 16 வயது மகனுக்கும் வரி, 13 வயது மகளுக்கும் வரி. கட்ட முடியாதவனுக்கு இரண்டே வழி. ஒன்று, ஊருக்குத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்க வேண்டும். யாரும் அவனைச் சங்கிலியால் கட்டவில்லை. வரியே சங்கிலியாக இருந்தது.

இந்தச் செய்தி இந்தியாவுக்கு எட்டியபோது கோபால கிருஷ்ண கோகலே நிதி திரட்டினார். ஆண்ட்ரூஸ் தன் சேமிப்பு முழுவதையும் அந்த நிதிக்குக் கொடுத்தார். பணம் கொடுத்ததோடு நிற்காமல், வில்லி பியர்சன் என்ற நண்பரோடு கப்பலேறிப் போனார். 1914 ஜனவரி தொடக்கத்தில் டர்பன் துறைமுகத்தில் இறங்கியதும், காந்தியின் காலைத் தொட்டு வணங்கினார். ஒரு வெள்ளைப் பாதிரியார் ஓர் இந்தியரின் காலைத் தொட்டதைக் கண்டு அங்கிருந்த வெள்ளையர்கள் கொதித்துப் போனார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

காந்திக்கும் ஜெனரல் ஸ்மட்ஸுக்கும் நடந்த சமரசப் பேச்சில் அவர் பாலமாக இருந்தார். அந்த நேரத்தில்தான் இங்கிலாந்தில் அவருடைய அம்மா சாகக் கிடக்கும் செய்தி வந்தது. பேச்சு முறிந்து விடக்கூடாதே என்று அவர் உடனே கிளம்பாமல் இருந்தார். அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அந்த வருஷமே 3 பவுன் வரி சட்டப்படி ரத்தானது. அதே போராட்டத்தில் சிறை சென்று, நோயோடு வெளிவந்து, 1914 பிப்ரவரியில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மையை நாம் மறக்க முடியாது.

பிஜித் தீவில் கண்டது

1914-ல் ஆண்ட்ரூஸ் பாதிரியார் பொறுப்பை விட்டு விலகி, தாகூரின் சாந்திநிகேதனத்தில் சேர்ந்தார். ஆனால் நேத்தாலில் பார்த்தது அவரைச் சும்மா இருக்க விடவில்லை. 1915 கடைசியில் பியர்சனோடு பிஜித் தீவுக்குப் போனார்.

பிஜிக்கு இந்தியக் கூலிகளின் முதல் கப்பல் 1879-ல் போனது. 1903-லிருந்து சென்னைத் துறைமுகத்தின் வழியாகத் தமிழரும் தெலுங்கரும் போனார்கள். மொத்தத்தில் 60,000 பேருக்கு மேல். ஒப்பந்தம் 5 வருஷம். அக்ரிமெண்ட் என்ற ஆங்கிலச் சொல்லை அவர்கள் கிர்மிட் என்றார்கள். அங்கே லயத்தில் ஒரு அறை என்றால் 10 அடி நீளம், 7 அடி அகலம். அதில் மூன்று ஆண்கள், அல்லது ஒரு குடும்பம். சமையலும் அதற்குள், படுக்கையும் அதற்குள். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற கணக்கில்தான் ஆள் ஏற்றினார்கள். இதனால் குடும்ப வாழ்க்கையே சீரழிந்தது. வெட்டுக் குத்தும் தற்கொலையும் மலிந்தன.

ஆண்ட்ரூஸ் போவதற்கு முன்பே இந்திய அரசாங்கம் இரண்டு அதிகாரிகளை அனுப்பி விசாரித்திருந்தது. அவர்களும் இதே லயங்களைப் பார்த்தார்கள். தண்டனைக் கணக்கையும் தற்கொலைக் கணக்கையும் எழுதினார்கள். கடைசியில், குறைகளைத் திருத்திக் கொண்டு முறையைத் தொடரலாம் என்று முடித்துவிட்டார்கள். ஆண்ட்ரூஸும் பியர்சனும் அரசாங்கம் அனுப்பிய ஆட்கள் அல்ல. அவர்கள் லயத்துக்குள் போய், கூலிக்காரர்களோடு பேசிக் கேட்டார்கள். உன்னை யார் கூட்டி வந்தது? என்ன வேலை என்று சொன்னான்? காகிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியுமா?

வந்த பதில்கள் ஒன்றுபோல் இருந்தன. ஆள் பிடிக்கும் தரகன் பிஜி எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லவில்லை. வேலை சுலபம், காசு நிறைய என்றான். கைநாட்டு வைத்த ஒப்பந்தத்தில் சம்பளம் இருந்தது, வேலை நேரம் இருந்தது. வேலைக்கு வராவிட்டாலோ, கொடுத்த வேலையை முடிக்காவிட்டாலோ கோர்ட்டில் நிறுத்தித் தண்டிப்பார்கள் என்பது மட்டும் அதில் இல்லை. அது பிஜிச் சட்டத்தில் இருந்தது. ஏழைக்கு அது எப்படித் தெரியும்? ஜெயிலில் கழித்த நாள்களையும் ஒப்பந்தக் காலத்தோடு சேர்த்து நீட்டினார்கள். அஞ்சு வருஷம் என்று போனவனுக்கு அஞ்சு வருஷத்தோடு முடியவில்லை.

ஆகவே அவர்கள் அறிக்கை குறைகளைப் பட்டியல் போட்டு நிற்கவில்லை. முறையையே ஒழிக்க வேண்டும் என்றது. வேலையை விட்டு விலகுவதைக் குற்றமாக்குகிற சட்டம் இருக்கும்வரை, லயத்துக்கு வெள்ளையடித்தும் அரிசிப் படியைக் கூட்டியும் பயனில்லை என்பதுதான் அதன் சாரம். அங்கிருந்த பெண்களின் ஒழுக்கத்தைப் பற்றி ஆண்ட்ரூஸ் அளவுக்கு மீறிக் கறுப்பாக எழுதிவிட்டார் என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் குறை சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குறையில் நியாயம் உண்டு. ஆனால் சட்டத்தின் மேல் அவர் வைத்த குற்றச்சாட்டை யாராலும் மறுக்க முடியவில்லை.

வெற்றியும், வெற்றிக்குள் ஒரு தந்திரமும்

1916 மார்ச்சில் மதன்மோகன் மாளவியா டில்லி சட்டசபையில் ஒப்பந்தக் கூலியை ஒழிக்கத் தீர்மானம் கொண்டு வந்தார். வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபு ஏற்றுக் கொண்டார். ஊரெல்லாம் மகிழ்ச்சி. ஆனால் உடனடியாக நிற்கவில்லை. தோட்ட முதலாளிகளுக்கு மாற்று ஏற்பாடு செய்ய அவகாசம் வேண்டுமாம். இன்னும் 5 வருஷம் ஆள் அனுப்பப் போகிறார்கள் என்ற சங்கதி ஆண்ட்ரூஸுக்குத் தெரிந்தது. அவர் மறுபடியும் ஊர் ஊராகக் கிளம்பினார். காந்தி, சரோஜினி நாயுடு முதலானவர்கள் மேடைகளில் முழங்கினார்கள். பெண்கள் தூது சென்று வைஸ்ராயைக் கண்டார்கள். தூரதேசத்துக் கூலிப் பெண்ணின் மானம் தங்கள் மானம் என்று ஊரில் இருந்த பெண்கள் எடுத்துக் கொண்டதுதான் இந்தப் போராட்டத்தின் பெரிய பலம். 1917 மார்ச்சில் அரசாங்கம் ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

அப்போதும் ஆண்ட்ரூஸ் ஓயவில்லை. புதிய கப்பல் போகாது, சரி. ஏற்கெனவே அங்கே மாட்டிக் கொண்டவர்களின் கதி? 1917-ல் இரண்டாம் முறை பிஜிக்குப் போனார். தீனபந்து என்ற பெயர் அவருக்கு அங்கேதான் வந்தது. 1920 ஜனவரி 1-ல் பிஜியில் மிச்சமிருந்த ஒப்பந்தங்கள் எல்லாம் ரத்தாயின. அன்று காலையில் பெரட்டுக் கொம்பு ஊதியபோது, போகலாமா வேண்டாமா என்று அவர்கள் முதன்முறையாகத் தாங்களே முடிவு செய்யலாம்!

தேயிலைத் தோட்டத்தை விட்டு நடந்தவர்கள்

வெளிநாட்டில் மட்டுமா இந்தக் கொடுமை? இந்தியாவிலேயே 1859-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை முடிக்காமல் போனால் அவனைச் சிறைக்கு அனுப்பலாம். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள் இந்தச் சட்டத்தை நன்றாகவே பயன்படுத்தின.

1921 மே மாதம், சார்கோலா பள்ளத்தாக்குத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வெளியேறினார்கள். வயிறு நிறையாத கூலி. சொந்த ஊருக்கே போய்ச் சாகிறோம் என்று நடந்தார்கள். சாந்த்பூர் படகுத்துறையில் மேலே போக வழியில்லாமல் நின்றார்கள். ஒருநாள் இரவு, ரயில் நிலையத்தில் படுத்திருந்தவர்களைக் கூர்க்காப் படையை விட்டு விரட்டினார்கள். பிறகு காலராவும் சேர்ந்து கொண்டது. ஆண்ட்ரூஸ் அங்கே ஓடினார். நோயாளிகளுக்கு நடுவே இருந்து தொண்டு செய்தார். ஊர் திரும்பும் செலவை அரசாங்கம் ஏற்க வேண்டும் என்று அதிகாரிகளிடம் மன்றாடினார். அரசாங்கம் மறுத்தது. பொதுமக்கள் தந்த பணத்தில்தான் அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அந்த 1859 சட்டம் 1926-ல் செத்தது.

அந்தச் சமயத்தில்தான் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. இலங்கைத் தோட்டங்களில் துண்டு என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடன் கணக்கை எழுதிய சீட்டு அது. அந்தக் கடனை அடைக்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921-ல் துண்டு ஒழிந்தது. 1922-ல் வந்த இந்தியக் குடியேற்றச் சட்டம், இந்திய அரசாங்கம் விதிக்கும் நிபந்தனைக்குக் கட்டுப்பட்ட நாடுகளுக்குத்தான் கூலியாள் போகலாம் என்றது. மலாயாவில் 1923-ல் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது.

ஆண்ட்ரூஸ் கடைசிவரை அலைந்து கொண்டேதான் இருந்தார். கென்யா, தென்னாப்பிரிக்கா, கயானா என்று இந்தியத் தொழிலாளி இருக்கும் இடமெல்லாம் போனார். வைக்கத்தில் தீண்டாமைக்கு எதிராக நடந்த சத்தியாக்கிரகத்தை ஆதரித்தார். அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவராகவும் இருந்தார். கல்யாணம் செய்து கொள்ளவில்லை, சொத்து சேர்க்கவில்லை. 1940 ஏப்ரல் 5-ல் கல்கத்தாவில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். அவர் பிறந்து நூறு வருஷமானபோது, 1971-ல், இந்தியா தபால் தலை வெளியிட்டது.

நம்ம நாட்டுக் கதை

மலாயாவில் சஞ்சிக்கூலி போன பிறகு கங்காணி முறை நிலைத்தது. ஏட்டில் ஆள் சுதந்திரமானவன். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து விலகலாம். ஆனால் கங்காணியிடம் கடன், கடையில் கடன், லயத்தை விட்டால் ஒதுங்க இடமில்லை. எங்கே போவான்? 1938-ல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குக் கூலியாள் அனுப்புவதைத் தடை செய்த பிறகே அந்த வழி அடைபட்டது.

ஆண்ட்ரூஸ் இறந்த மறு வருஷம், 1941-ல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் கொதித்து எழுந்தன. ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் கூலி உயர்வு கேட்டது. துரைக்கு எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையையும் கேட்டது. நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது. தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அதற்கு அடுத்தாற்போல் ஜப்பான்காரன் வந்து, நம்மவர்களைத் தோட்டம் தோட்டமாகப் பிடித்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போனான். போனவர்களில் திரும்பாதவர்கள் எத்தனை எத்தனை பேர்! சட்டத்தின் காவல் இல்லாத காலத்தில் உழைப்பாளி உயிர் எவ்வளவு மலிவு என்பதற்கு அந்த ரயில் பாதையே சாட்சி.

1957-ல் நாடு சுதந்திரம் அடைந்தது. அரசியலமைப்பின் 6-வது பிரிவு அடிமைத்தனத்தையும் கட்டாய உழைப்பையும் தடை செய்தது. 1955-ம் வருஷத்து வேலைச் சட்டத்தில் 90பி என்ற புதிய பிரிவைச் சேர்த்தார்கள்; அது 2023 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. அது சொல்வதைச் சுருக்கமாகப் பார்ப்போம். மிரட்டியோ, ஏமாற்றியோ, வற்புறுத்தியோ ஓர் ஆளை வேலை செய்ய வைத்து, அந்த இடத்தை விட்டு அவர் வெளியே போக முடியாதபடி தடுக்கும் முதலாளி குற்றவாளி. தண்டனை 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 2 வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும்.

கவனித்தீர்களா தோழர்களே? அன்று வேலையை விட்டுப் போனவன் குற்றவாளி. இன்று போக விடாமல் தடுப்பவன் குற்றவாளி. சட்டம் தலைகீழாகத் திரும்ப நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

வேறு சில விஷயங்களையும் நினைவில் வையுங்கள். முறைப்படி நோட்டீஸ் கொடுத்து வேலையை விட்டு விலகுவது உங்கள் உரிமை. ஒப்பந்தத்தில் எதுவும் எழுதவில்லை என்றால், 2 வருஷத்துக்குக் குறைவான சேவைக்கு 4 வாரம், 2 முதல் 5 வருஷத்துக்குள் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் கைக்கு வர வேண்டும். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்துக் கொள்வதும் நம் நாட்டில் குற்றம். குறை இருந்தால் தொழிலாளர் இலாகாவில் நேரடியாகப் புகார் கொடுக்கலாம். சங்கத்தின் துணையோடும் போகலாம்.

கடைசியாக ஒன்று. பழைய கிள்ளான் சாலைப் பக்கம், கம்போங் மேடான் போன்ற இடங்களில் இன்று இருக்கும் குடும்பங்களில் பல, மூடிப் போன தோட்டங்களிலிருந்து வந்தவை. நம் தாத்தா பாட்டி இருந்த லயத்தில் இன்று யார் இருக்கிறார்கள்? இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த ஆட்கள் செம்பனைக் குலை வெட்டுகிறார்கள். அவர்களில் பலரையும் தரகன் கூட்டி வந்தான். பலருக்கும் வந்த செலவு கடனாக நிற்கிறது. 2020-ல் இங்குள்ள இரண்டு பெரிய தோட்டக் கம்பெனிகளின் பாமாயிலை, கட்டாய உழைப்பு என்ற புகாரின் பேரில் அமெரிக்கா தன் துறைமுகத்தில் இறக்க விடவில்லை. பின்னர் அந்தக் கம்பெனிகள் நிலைமையைச் சீர்செய்ய வேண்டி வந்தது.

நம்மில் சிலர் இன்று மண்டோராகவும் கிராணியாகவும் இருக்கிறோம். பக்கத்து லயத்தில் இருக்கும் வெளிநாட்டுக்காரனைப் பார்த்து, அவன் பாஸ்போர்ட் அவன் கையில் இருக்கிறதா, நினைத்தால் வெளியே போக முடியுமா என்று நாம் கேட்டதுண்டா? ஆண்ட்ரூஸ் தமிழரல்ல, கூலிக்காரரும் அல்ல. ஆனாலும் நம் முன்னோரின் லயத்துக்குள் குனிந்து நுழைந்து, அந்தக் கேள்வியைக் கேட்டார். நம்மாலும் கேட்க முடியும்.